கடையில் வாங்கிய திராட்சை

ஜூன் பத்தொன்பது, மாலை நாலரை.
மலைப்பக்கம் பீரங்கி மூன்று முறை முழங்கியது.
ஆலங்கட்டி மேகத்தைக் கலைக்கத்தான்
அரசாங்கம் அதை வைத்திருக்கிறது.
மேகம் கலையவில்லை.
பதினோரு நிமிடம்.
பிறகு நல்ல வெயில்,
எதுவும் நடவாதது போல.

எங்கள் ஊரின் கொடிகளெல்லாம் குச்சிகளாயின.
அடிபட்ட இலைகளின் பச்சை வாசனை
இரண்டு நாள் தெருவில் நின்றது,
யாரோ அப்போதுதான் புல் அறுத்தது போல.

அதற்குப் பிறகும்
ஞாயிறு தவறாமல் தூபக்கலசம் ஆட்டினேன்.
விசுவாசத்தில் எனக்குக் குறைவில்லை,
யார் கேட்டாலும் சொல்வேன்.
வங்கியிலிருந்து ஆள் வந்தபோதும் சொன்னேன்:
கர்த்தர் பார்த்துக்கொள்வார்.
பல்லைக் கடித்துக்கொண்டுதான்.
சந்தோஷத்தை நான்
விளைச்சல் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.
முதலில் கொடி, பிறகு குலை.
கொடியே இல்லாத ஆண்டில்
குலையை யார் கேட்பார்?

ஆகஸ்டில் மாதா திருநாள்.
அன்று குருவானவர் ஆசீர்வதித்த பிறகுதான்
ஆர்மேனியாவில் நாங்கள் திராட்சையை வாயில் வைப்போம்.
அதுவரை,
கொடியில் கறுத்துத் தொங்கினாலும்
கண்ணால் தின்பதோடு சரி.

"இந்த வருஷம் எதை ஆசீர்வதிப்பது?"
தெர் ஹமசாஸ்ப் என்னிடம் கேட்டார்.
வெறும் தட்டை வைப்போம் என்றேன்.
அதுதான் உண்மை என்றேன்.
சொன்னபோது உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது,
இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆராதனை முடியும் தறுவாயில்
கதவு கிறீச்சிட்டது.
ஹைகானுஷ்.
அரை ஹெக்டேர் போனவள்,
வீடு அடமானத்தில்,
கணவன் ரஷ்யாவில் செங்கல் அடுக்குகிறான்,
பணம் வந்தால் வரும்.
கையில் நீல பாலிதீன் பை.

உள்ளே திராட்சை.
பச்சை, விதையில்லாதது,
எந்த ஊர்க் கொடியில் காய்த்ததோ,
எல்லை தாண்டி லாரியில் வந்தது.
விலை ஸ்டிக்கரைக்கூட அவள் கிழிக்கவில்லை.

செருப்புச் சத்தத்தோடு நேராக வந்து
வெள்ளித் தட்டில் கொட்டினாள்.
இரண்டு பழம் உருண்டு படிக்கடியில் போயின.
குனிந்து, துழாவி, எடுத்து,
முக்காட்டு நுனியில் துடைத்துத் திரும்ப வைத்தாள்.

"கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது திராம், தெர்.
பகல் கொள்ளை!
என் பழத்தை இந்த விலைக்கு வாங்கியிருந்தால்
பேராயருக்கே கடன் கொடுத்திருப்பேன்."

தெர் ஹமசாஸ்பின் தாடி முதலில் ஆடியது,
பிறகு தோள்,
பிறகு கோயில் முழுக்க.
மெழுகுவத்தி விற்கும் அர்ஷாவிர்
சிரிப்பும் இருமலும் பிரிக்க முடியாமல்
தூணைப் பிடித்துக்கொண்டார்.
என் கையில் தூபக்கலசம் நின்றுவிட்டது.

எனக்குக் கோபம்.
வெளியே, கிணற்றருகே, அவளை நிறுத்தினேன்.
உன்னால் எப்படி,
என்று தொடங்கி, முடிக்கவில்லை.
"ஜூலை பூராவும் தொழுவத்தில் அழுதேன்,
மாட்டைக் கேள்" என்றாள்.
"திருநாள் என் கொடியைக் கேட்டுக்கொண்டா வருகிறது?"
அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது.

இரவில் நினைத்துப் பார்த்தேன்.
விசுவாசத்தை நான்
பெட்டியில் பூட்டிக் காவல் இருந்திருக்கிறேன்.
அவள் அதைச் சில்லறையாக்கி
கடைக்குப் போயிருக்கிறாள்.

அந்தப் பழம் நன்றாகவே இல்லை.
தண்ணீரில் சர்க்கரை கரைத்தது போல.
நாக்கு வெகுநேரம் விதையைத் தேடியது.
கொடிகள் எதுவும் துளிர்க்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
வங்கிக் கடிதம் இன்னொன்று வந்தது.

ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில்,
பீரங்கி மேட்டைத் தாண்டும்போது,
அங்கியின் கையில் ஏதோ ஒட்டியிருக்கப் பார்த்தேன்.
ஸ்டிக்கர்.
தொள்ளாயிரத்து ஐம்பது.

பேராயருக்கே கடன்!

தன்னந்தனியாக, நடுச்சாலையில்,
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
யார் வீட்டு நாயோ குரைத்தது.
நிறுத்த முடியவில்லை.